பட்டியலில் பதினேழாவது

காவலூர்
12-2-1977

யேசு மரி சூசை காக்க.

அன்புத் தம்பி லாசருக்கு, அக்கா அன்னமேரி ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்குப் பனிக்காலத்து இருமல் போன வாரம்தான் அடங்கியது. அங்கே நீயும் தெரசம்மாளும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு முட்டிவலி குறைந்ததா? நொச்சி இலை அங்கே கிடைக்காது என்றால் சொல், காயவைத்து அனுப்புகிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். மேலே வான் ஆராய்ச்சி நிலையத்தில் மெக்கானிக்காக இருக்கும் ஆதிநாராயணன் சார் என் கடையில் மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறவர். அவரை ஜூன் மாதம் ஏதோ மெஷின் பயிற்சிக்கு ஆறு வாரம் சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்களாம். கப்பலில் வருகிறார். நேற்றுக் கை கழுவும்போது சொன்னார்: "உங்க தம்பி அங்க ஓட்டல் வெச்சிருக்காரே, அன்னமேரிம்மா. அந்த ஊருக்குப் போனா இன்னா இன்னா சாப்பிடணும்னு கேட்டு எழுதி வாங்குங்க. வெளியூர்ல போயி தயிர் சோறு தேடுற ஆளு நான் இல்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிங்கப்பூரில் எதைத் தின்பது என்று கேட்க இந்த மலையில் ஆள் இருக்கிறது என்றால் அது என்னிடம்தான். நல்லதாகப் பார்த்துப் பட்டியல் போட்டு அனுப்பு. மனிதர் எல்லாம் சாப்பிடுவார். திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேச வேண்டும்.

உன் நலம் வேண்டி மாதாவைக் கும்பிடும்
அக்கா அன்னமேரி


சிங்கப்பூர்
3-3-1977

மாதா துணை.

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி லாசர் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். தெரசம்மாள் முட்டி மழை வந்தால் வலிக்கிறது, இங்கே தினம் மழை. நொச்சி இலை அனுப்பு. மாமாவின் இருமலுக்கு மிளகு கஷாயம் கொடு, பீடியை ஒளித்து வை.

உன் ஆதிநாராயணன் சாரிடம் இதைக் கொடு. முதல் நாளே கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். காலையில் சீனர் காப்பிக் கடைக்குப் போக வேண்டும். காப்பியைத் துணிப் பையில் வடித்து, கெட்டிப் பால் ஊற்றிக் கொடுப்பார்கள். சாசரில் ஊற்றிக் குடிக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். சுட்ட ரொட்டிக்கு நடுவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டிய ஒரு ஜாம் வைத்திருப்பார்கள். அதைத் தின்றுவிட்டு என்னை நினைத்துக்கொள்ளட்டும்.

சீனரின் கோழிச் சோறு என்று ஒன்று. கோழி வெளுத்து, வேகாதது போல் இருக்கும். பயப்பட வேண்டாம், வெந்ததுதான். அதில் ருசி கோழியில் இல்லை, கோழிக் கொழுப்பில் வெந்த சோற்றில் இருக்கிறது. மலாய்க்காரர் கடற்கரை ஓரம் கறித்துண்டைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டிக் கொடுப்பார்கள். பெயர் சாத்தே. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு. ஒடுகத்தூர் சந்தையில் மூட்டை மூட்டையாகப் பார்த்த கடலைக்கு இப்படி ஒரு கதி உண்டு என்று எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

மீ கோரேங் சாப்பிடாமல் யாரும் இந்த ஊரை விட்டுப் போகக்கூடாது. நூடுல்ஸ் சீனருடையது, பெயர் மலாய்ப் பெயர், வறுத்துக் கொடுப்பவர் கடையநல்லூர் பாய். மூன்று ஜாதி ஜனமும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கும். மீன் தலைக் கறியும் அப்படித்தான். நம் பக்கத்து மசாலா, ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள். கண்ணைத் தோண்டித் தின்பார்கள், சார் முகத்தைத் திருப்பக்கூடாது. தேங்காய்ப்பாலில் நூடுல்ஸும் சிப்பியும் மிதக்கிற லக்சா கொஞ்சம் உறைக்கும், மூக்கு ஒழுகும். இடியாப்பத்தைத் தலையில் சுமந்து விற்பவரைக் கண்டால் நிறுத்திப் பழுப்புச் சர்க்கரையோடு வாங்க வேண்டும்.

டுரியான் பழத்தை மட்டும் தங்கும் அறைக்குக் கொண்டுபோக வேண்டாம். நாற்றத்துக்கு அறையை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஆனால் தெருவில் நின்று ஒரு சுளையாவது தின்னட்டும். முதல் தரம் துப்புவார், மூன்றாம் தரம் தேடி அலைவார்.

இந்த ஊரில் சாப்பாட்டுக்கு யாரும் வெட்கப்படுவதில்லை அக்கா. கோட்டு போட்டவனும் தெருவில் முக்காலியில் உட்கார்ந்துதான் தின்கிறான்.

மாமாவுக்கு என் வணக்கம் சொல்லவும்.

என்றும் உன் ஆசியை எதிர்பார்க்கும்
லாசர்


காவலூர்
20-3-1977

யேசு மரி சூசை காக்க.

அன்புத் தம்பிக்கு, சுகம், உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். நொச்சி இலை தனிப் பொட்டலமாக வருகிறது.

உன் பட்டியலை ஆதிநாராயணன் சார் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். ஆபீஸில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். எனக்கும் படித்துக் காட்டினார். நானும் மூன்று தரம் படித்தேன்.

காப்பிக் கடை இருக்கிறது. பாய் கடை இருக்கிறது. தலையில் சுமந்து விற்பவர்கூட இருக்கிறார். லாசர் கடை எங்கேடா? தன் கடையை விட்டுவிட்டு ஊரான் கடைக்கெல்லாம் வழி சொல்லும் ஓட்டல்காரனை நான் கண்டதில்லை. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் மற்ற பாத்திரத்தையெல்லாம் காட்டிக் காட்டிப் பேசுவாய். அந்தப் பேச்சுதான் இதுவும்.

என்ன நடந்தது? மறைக்காமல் எழுது. நான் உன்னை விட ஆறு வயது மூத்தவள், அழமாட்டேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அக்கா


சிங்கப்பூர்
18-4-1977

மாதா துணை.

அக்காவுக்கு வணக்கம். இலை வந்தது, தெரசம்மாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உன்னை வாழ்த்துகிறாள். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

நான் ஓட்டல் வைத்திருக்கிறேன் என்று எழுதியது பொய். பன்னிரண்டு வருஷமும் தள்ளுவண்டிதான். முச்சந்தியில் மரத்தடியில் பரோட்டா போட்டேன். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. இப்போது தெருவில் வண்டி கூடாது என்று எல்லாரையும் ஒரு புதுக் கட்டடத்துக்குள் மாற்றிவிட்டார்கள். குழாய்த் தண்ணீர், சிமெண்டுத் தரை, எல்லாம் சுத்தம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சீட்டுக் குலுக்கிக் கடை கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது மாடியில், கடைசி மூலை. கீழேயே ஏழு பேர் பரோட்டா போடும்போது என் பரோட்டாவுக்காக எவன் படியேறி வருவான்?

அடுத்த மார்ச்சில் கடை வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை பார்ப்பேன். நடக்காவிட்டால் கடையை ஒப்படைத்துவிட்டு, அந்த ஏழு பேரில் ஒருவரிடம் மாவு பிசையப் போக வேண்டியதுதான். நாற்பத்திரண்டு வயதில். தெரசம்மாளுக்கு இதில் பாதிதான் தெரியும்.

வேறு எந்தக் கடையிலும் இல்லாத ஒன்று வேண்டும் அக்கா. யோசித்து யோசித்துப் பார்த்தேன், நீ வைக்கிற மொச்சைக் கருவாட்டுக் குழம்புதான் நினைவுக்கு வருகிறது. சாமைச் சோற்றோடு. சீனரும் மலாய்க்காரரும் கருவாடு என்றால் விடமாட்டார்கள். கருவாடு இங்கே கிடைக்கும். சாமை கிடைக்காது. நீ நினைத்தால் முடியும்.

உன் தம்பி
லாசர்


காவலூர்
5-5-1977

யேசு மரி சூசை காக்க.

தம்பிக்கு, இங்கே எல்லாரும் சுகம். வண்டி வைத்துப் பிழைத்ததற்காகப் பொய் சொன்னாயே, அதற்கு நேரில் வந்தால் முதுகில் ஒன்று வைப்பேன். வண்டி தள்ளினால் என்ன? திருடினாயா?

சிங்கப்பூரில் சாமைச் சோறா? உன் மாமா காதில் விழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. அரிசி வாங்க முடியாதவர்கள் தின்கிறது என்று இங்கே ஜனங்கள் பேசுகிறார்கள், நீ அதைக் கப்பல் ஏற்றச் சொல்கிறாய். சரி, உன் இஷ்டம். மலை மேல் வேடியப்பன் என்று ஒருவர், வருஷா வருஷம் எனக்குச் சாமை கொண்டுவந்து போடுவார். அவரிடம் இரண்டு மூட்டை வாங்கிக் குத்திப் புடைத்து வைத்திருக்கிறேன். ஆதிநாராயணன் சாரோடு வருகிறது. மூட்டையில் என்ன என்று கேட்டார். ஏதோ தானியம் என்று சொல்லி வைத்தேன்.

செய்முறை கேள். சாமையில் கல் இருக்கும், இரண்டு பாத்திரம் மாற்றி மாற்றி அரிக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் சாமையைப் போட வேண்டும். அரிசி என்று நினைத்து ஊறப்போட்டாயோ, கஞ்சிதான். ஒரு கிளறு, மூடி, அடுப்பை அடக்கி, அதன் ஆவியிலேயே விடு. மொச்சையை வெறும் சட்டியில் வறுத்து முதல் நாளே ஊறவை. கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசித் தலையைக் கிள்ளு. கத்தரிக்காய், பழைய புளி, வறுத்து அரைத்த மிளகாயும் தனியாவும். கருவாட்டைக் கடைசியில் போடு, கரைந்துவிடும். அந்த ஊர் வழக்கப்படி தேங்காய்ப்பால் ஊற்றினாய் என்று கேள்விப்பட்டால் உனக்கு அக்காவே கிடையாது.

அந்தோணியாரை வேண்டிக்கொண்டு அடுப்பு மூட்டு.

அன்னமேரி


சிங்கப்பூர்
28-7-1977

மாதா துணை.

என் அன்பான அக்காவுக்கு, தெரசம்மாளும் நானும் சுகம், சுகத்துக்கு மேலே சுகம். மாமாவும் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம்.

முதல் தரம் ஊறப்போட்டேன். நீ சொன்னது மறந்தா போகும், இருந்தாலும் கை அரிசி பழகிய கை. கஞ்சியாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் குடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்தது. குழம்பு கொதித்த வாசனை படி இறங்கிக் கீழே போனது. பக்கத்துக் காப்பிக் கடைச் சீனர் முதலில் ஒரு கிண்ணம் கேட்டார். பிறகு வீட்டுக்கு எடுத்துப்போக இன்னொரு கிண்ணம். மலாய் வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ஞாயிறு மட்டும் போடுகிறேன், நாற்பது தட்டு, மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதைத் தின்ன வருகிறவர்கள் மற்ற நாளில் பரோட்டாவுக்கும் வருகிறார்கள். ஆதிநாராயணன் சார் ஆறு ஞாயிறும் வந்தார். அவர் சொன்ன ஒன்றை இப்போது எழுதவில்லை.

பெரிய செய்தி இனிமேல்தான். இங்கே ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், இந்த ஊருக்கு வரும் பயணிகள் தவறவிடக் கூடாத இருபது சாப்பாடு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் பதினேழாவது நம்முடையது. அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "சிறுமணிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். வேலூர்க் கோட்டையை ஆண்ட ராஜாக்களின் விருந்தில் பரிமாறப்பட்டது. மாடியில் கடைசிக் கடை."

ராஜா கதை நான் சொன்னதுதான். நம் ஆள் ஒருவன், நல்ல வேலையில் இருப்பவன், தட்டைப் பார்த்து எல்லார் முன்னாலும் சிரித்தான். "இன்னாப்பா, பஞ்சத்துக்குத் தின்ற சாமையைக் கொண்டாந்து இங்க விக்கிறே?" எனக்கு முகம் செத்துவிட்டது. அடுத்து வந்த பத்திரிகைக்காரர் கேட்டபோது ராஜா என்று வாயில் வந்துவிட்டது. போர்டிலும் அப்படியே எழுதிவிட்டேன்.

சாமை செப்டம்பரோடு தீர்ந்துவிடும். இன்னும் மூன்று மூட்டை அனுப்பு. மார்ச்சில் தைரியமாகக் கையெழுத்துப் போடுவேன்.

உன் கைமணத்தால் தலைநிமிர்ந்த
லாசர்


காவலூர்
16-8-1977

யேசு மரி சூசை காக்க.

தம்பிக்கு, சுகம்.

எந்த ராஜா? எந்த ராஜா இந்த மலை ஏறி வந்து சாமை தின்றான்? அவன் பெயரைச் சொல், நானும் தெரிந்துகொள்கிறேன்.

அப்பா இறந்த வருஷம் வீட்டில் அரிசி என்ற பேச்சே இல்லை. அம்மா மலைக்காரர்களிடம் கூலிக்கு அறுத்துக்கொண்டுவந்த சாமைதான் உன்னையும் என்னையும் நிறுத்தியது. நீ கப்பல் ஏறும் அளவுக்கு வளர்ந்த உடம்பு அந்தச் சோற்றால் வந்தது. வேடியப்பனும் அவர் சம்சாரமும் குனிந்து களை எடுத்து விளைவித்ததை, நாம் தின்று உயிர் பிழைத்ததை, செத்துப்போன எவனோ ஒருவன் விருந்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயே. ஒருவன் சிரித்தானாம், உனக்கு முகம் செத்ததாம். சிரித்தவன் முகத்தில் அல்லவா கரண்டியை வீசியிருக்க வேண்டும்.

எனக்கு வயிறு எரிகிறது லாசர்.

இப்போதைக்கு வேடியப்பனிடம் விற்கிற அளவுக்குச் சாமையும் இல்லை. புதுச் சாமை கார்த்திகையில் களத்துக்கு வந்தாலும், தையில் ஊர்ச் சாமிக்குப் பொங்கல் வைக்கும் வரை அவர்கள் ஒரு மணி வாயில் போடமாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்தாலும் நான் அனுப்பமாட்டேன். உன் போர்டில் இது ஜவ்வாது மலைச் சாப்பாடு, உழைக்கிற ஜனங்கள் தின்கிறது என்று எழுது. எழுதிவிட்டுக் கேள். ராஜா பெயரில் விற்க என் கையிலிருந்து ஒரு படி வராது.

தெரசம்மாளை விசாரித்ததாகச் சொல்.

அன்னமேரி


சிங்கப்பூர்
10-9-1977

அக்காவுக்கு,

இருவரும் சுகம்.

ஆதிநாராயணன் சார் முதல் ஞாயிறு ஒரு வாய் தின்றதும் சொன்னதை இப்போது எழுதுகிறேன். "மூணு வருஷமா உங்க அக்கா கையால சாப்பிடுறேன் லாசர். அரிசிச் சோறு, சாம்பார், ஆம்லெட். இப்பிடி ஒண்ணு கீதுன்னு ஒரு நாள் கூட கண்ணுல காட்டலையே. எனுக்குத் தெரியாம உள்ள வெச்சித் தாங்க மட்டும் தின்றாங்களா?"

நீ சாமையை வீட்டுக்கு மட்டும் சமைக்கிறாய். ஆபீசர்கள் வந்தால் பானையை மூடி வைக்கிறாய். மூட்டையில் சாமை என்று ஆதிநாராயணன் சாரிடம்கூட உன்னால் சொல்ல முடியவில்லை.

நான் அந்நிய ஊரில் பத்து ஜாதிக்கு நடுவில் நிற்கிறேன். நீ உன் மலையில் உன் கடையில் நிற்கிறாய். முதலில் உன் போர்டில் எழுது. பிறகு என் போர்டைப் பற்றிப் பேசு.

லாசர்


காவலூர்
14-12-1977

யேசு மரி சூசை காக்க.

என் கண்ணான தம்பி லாசருக்கு, அக்கா எழுதுவது. மூன்று மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். நோய் ஒன்றும் இல்லை, மாமாவும் நன்றாக இருக்கிறார். உன் கடிதம்தான் நோய். சர்க்கரை டின்னில் போட்டு வைத்தேன், காப்பி போடும்போதெல்லாம் கண்ணில் பட்டது. முதல் மாதம் உன் மேல் கோபம். இரண்டாம் மாதம் ஆதிநாராயணன் சார் மேல் கோபம், அவருக்குக் குழம்பில் காய் கம்மியாகவே போட்டேன். அதன் பிறகு கோபப்பட ஆள் இல்லை.

நீ எழுதியது அத்தனையும் நிஜம். யாராவது கடைக்குள் நுழைந்தால் நானே சாமைப் பானையை அடுப்புக்குப் பின்னால் தள்ளுவேன். படித்தவர்கள், பட்டணத்துக்காரர்கள், இதைப் பார்த்தால் கடையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பயம். உன்னைக் கரண்டி வீசச் சொன்னேனே, நான் இத்தனை வருஷமாகப் பானையை ஒளித்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தொலைநோக்கி பார்க்க ஆட்கள் வரும் நாள், வாசல் பலகையில் சாக்பீஸால் கீழே சின்னதாக எழுதினேன்: சாமைச் சோறு, மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. பார்த்தேன். அழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக எழுதினேன்.

வேலூரிலிருந்து வந்த காலேஜ் வாத்தியார்கள் ஐந்து பேர். அதில் ஒருவர், "இன்னாம்மா இது, குருவிக்குப் போடுறதா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சொன்னேன்: "நான் சாப்பிடுறது சார். என் தம்பி சிங்கப்பூர்ல விக்கிறது. வேணும்னா போடுறேன், வேணாம்னா அரிசிச் சோறு கீது." அவர்கள் அரிசிச் சோறுதான் தின்றார்கள். ஆதிநாராயணன் சார் தன் பெரிய ஆபீசரைக் கூட்டிவந்து இரண்டு தட்டு வாங்கினார். மற்றபடி பானை அப்படியே இருந்தது.

அப்போது வேடியப்பன் வந்தார். மொச்சை கொடுக்க வந்தவர், எப்போதும் போல் பின்பக்கம். எத்தனையோ வருஷமாக வருகிறார், ஒரு நாளும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. நானும் உட்காரச் சொன்னதில்லை. அவர் விளைவித்ததையே கடையில் போட வெட்கப்படுகிறவள் அவரை எப்படி உட்காரச் சொல்வேன்? அன்றைக்கு, "உள்ள வாங்கண்ணா, சாப்பிட்டுப் போலாம்" என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "இன்னா எழுதிகீறே?" என்றார். சொன்னேன். முன்பக்கமாகச் சுற்றி வந்து, அந்தப் பெரிய ஆபீசர் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

கடை முழுக்க அவரையே பார்க்கிறது. நிதானமாக முழுத்தட்டும் தின்றார். தண்ணீர் குடித்தார். "சோறு சரி. கொழம்புல கருவாடு கம்மி" என்றார். ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். வாத்தியார்களில் இருவர், "எங்களுக்கும் கொஞ்சம் போடுங்கம்மா, பாப்போம்" என்றார்கள். நான் உள்ளே போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துதான் பரிமாறினேன்.

இப்போது சனிக்கிழமை பானை மிஞ்சுவதில்லை.

வேடியப்பன் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பழைய சாமையில் எனக்கு ஒரு மூட்டை கொடுத்தார். புதுசு களத்தில் குவிந்து கிடக்கிறது, சாமிக்குப் படைக்காமல் தொடமாட்டார், நானும் கேட்கவில்லை. அந்த ஒரு மூட்டையில் என் கடைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை ஒடுகத்தூர் ஜவுளிக்கடை ரங்கசாமி கையில் அனுப்புகிறேன். ஜனவரிக் கப்பலில் வருகிறார். புதுச் சாமை தை கழிந்ததும் வரும், மூன்று மூட்டை. போர்டை மாற்றினாயா என்று இனிமேல் கேட்கமாட்டேன். கேட்க எனக்கு வாய் இல்லை. நீ அந்தக் கடையை விடாமல் இருந்தால் போதும்.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் இருவர் பெயரிலும் பூசை வைத்திருக்கிறேன்.

உன்னைத் திட்டியதற்கு வருந்தும், திட்ட உரிமையுள்ள
அக்கா அன்னமேரி


சிங்கப்பூர்
9-4-1978

மாதா துணை.

என் தெய்வமான அக்காவுக்கும் மாமாவுக்கும் லாசர், தெரசம்மாள் வணக்கம். இருவரும் சுகம். முட்டிவலிகூடச் சுகம், தெரசம்மாள் இப்போது கடையில் நின்று பரிமாறுகிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

செப்டம்பரில் சாமை தீர்ந்த பிறகு நொய்யரிசி போட்டு ஏமாற்றப் பார்த்தேன். காப்பிக் கடைச் சீனர் ஒரு வாய் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. ஒப்படைத்துவிடலாம் என்று இரண்டு தரம் கடை ஒதுக்குகிற ஆபீஸ் வாசல் வரை போய் வந்தேன்.

ஜனவரியில் ரங்கசாமி மூட்டையையும் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். கடிதத்தை மூட்டை மேல் உட்கார்ந்தே படித்தேன். கருவாடு கம்மி என்கிற இடத்தில் சிரித்தேன், பிறகு அழுதேன். மறுநாளே ராஜாவை அழித்தேன். போர்டில் நான்கு மொழியில் எழுதியிருக்கிறது: ஜவ்வாது மலைச் சாமைச் சோறு, மலை ஜனங்களின் தினச் சாப்பாடு. தமிழ் நான் எழுதினேன். மலாயும் இங்கிலீஷும் அந்த வாத்தியார். சீனம் காப்பிக் கடைக்காரர் எழுதினார், மலைக்கு அவர்கள் எழுத்து மூன்று முனை நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்குச் சிரித்த அந்த நல்ல வேலையில் இருப்பவன் வந்து போர்டைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனான். அவனோடு நாலு பேர் போனார்கள். போகட்டும். அடுத்த ஞாயிறு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்து ரொம்ப நேரம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "நான் போளூர் பக்கம். எங்க வூட்லயும் இதாங்க. இங்க வந்து இருவது வருஷம், யார்கிட்டயும் சொன்னதில்ல." தின்றுவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறு ஆறு பேரைக் கூட்டிவந்தார். அந்த ஆறு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டே படியேறினார்கள். புதுச் சாமை மூன்று மூட்டையும் வந்தது. நாற்பது தட்டு இப்போது எழுபது. மார்ச் கடைசியில் கையெழுத்துப் போட்டேன் அக்கா. கடை நம்முடையது.

போன வாரம் பத்திரிகைக்காரர் திரும்ப வந்தார், பட்டியலைப் புதுப்பிக்க. போர்டைப் பார்த்து, "ராஜா எங்கே போனார்?" என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நேற்று வந்தது. அதை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன், ஆதிநாராயணன் சாரைப் படிக்கச் சொல். தமிழில் இப்படி வரும்:

"பதினேழு. சாமைச் சோறு, மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உழைக்கும் மக்கள் தினமும் உண்பது. சென்ற ஆண்டு அரச உணவு என்று எழுதியது தவறு. மாடியில் கடைசிக் கடை, ஞாயிறு மட்டும். காவலூர் என்ற ஊரில் தன் அக்கா வைக்கும் குழம்பு இதைவிட மேல் என்கிறார் கடைக்காரர். இந்தியா செல்லும் பயணிகள் அங்கே போய்ச் சாப்பிடவும்."

நான் அப்படிச் சொன்னேனா என்று தெரசம்மாள் நாலு தரம் கேட்டுவிட்டாள். சொன்னேன்.

இப்படிக்கு,
காவலூர் அன்னமேரியின் தம்பி
லாசர்